இரவுத் தேத்தண்ணி விற்கிறவனின் மடல்

திருகோணமலையில் மாணவர் விடுதிகளைப் பார்த்துக்கொள்ளும் மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

நிலாவெளி வீதியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் இரவில் கண் முழிக்கக் குடிப்பதில் ஒரு பங்கு என் கேத்தலில் இருந்துதான் போகிறது. எனவே இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கேளுங்கள், ஆனால் வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

பரீட்சை மாதம் வந்தால் என் கல்லாப்பெட்டிக்கு முதலில் தெரிந்துவிடும். போன கிழமை இரவு பத்தரைக்கு ஒரு தம்பி கிளாசைத் தூக்கினான். கை நடுங்கிப் பாதித் தேத்தண்ணி மேசையில் ஊற்றுப்பட்டது. காய்ச்சலா என்றேன். "இல்லை அண்ணா, நெஞ்சுதான் கொஞ்சம் படபடக்குது" என்றான். பின்னேரத்திலிருந்து குடித்ததை இருவருமாக எண்ணினோம். கோப்பி மூன்று, பிளேன்ரீ இரண்டு, எனர்ஜி ட்ரிங்க் ரின் இரண்டு. சாப்பாடு? மத்தியானம் சாப்பிட்டதுதான்.

நான் விற்கிற 250 மில்லிலீற்றர் ரின்னில் 80 மில்லிகிராம் கஃபீன், அதுதான் நித்திரையைக் கலைக்கிற பொருள். ஒரு கோப்பை நெஸ்கபேயில் அறுபது, எழுபது வரும். பிளேன்ரீயில் நாற்பதளவில், சாயம் ஏற ஏற அதுவும் ஏறும். சுகமாக இருக்கும் வளர்ந்த ஒருவருக்கு நாள் முழுவதற்குமே 400 மில்லிகிராம் வரைக்கும் பயமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் சொன்னது. தம்பி ஒரு பின்னேரத்திலேயே அதைத் தாண்டிவிட்டான்.

தாதியாக இருக்கும் என் மகள் சொன்ன விளக்கம் இது. மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேரச் சேரத்தான் நித்திரை வரும். கஃபீன் முந்திக்கொண்டு போய் அதன் கதிரையில் உட்கார்ந்துவிடும். அடினோசின் எங்கும் போவதில்லை, வாசலில் காத்து நிற்கும். கஃபீன் லேசில் எழும்பாது. ஐந்து மணித்தியாலம் போனாலும் பாதி உடம்பில் இருக்கும். பத்து மணிக்குக் குடித்தவன் மூன்று மணிக்குப் படுத்துப் புரளுவது அதனால்தான். படித்தது மனதில் பதிவதோ நித்திரையில்.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். விடுதிச் சாப்பாடு ஏழரையோடு முடிகிறது என்கிறார்கள். பத்து மணிக்குப் பசிக்கும் பிள்ளை என்ன செய்யும்? சீனி போட்ட தேத்தண்ணியால் வயிற்றை மூடும். பரீட்சைக் காலத்தில் மட்டும் அந்த நேரத்துக்குப் பாணும் பருப்பும் கொடுங்கள், கஞ்சி என்றாலும் நல்லது. கருத்தரங்கு வேண்டாம்; வைத்தால் இடைவேளையில் நீங்களும் தேநீர்தான் கொடுப்பீர்கள். முழுதாகத் தடை செய்யவும் வேண்டாம். பழகியவன் திடீரென்று விட்டால் அடுத்த நாளே தலையிடி பிடிக்கும், அது பரீட்சை நாளாக இருந்தால் இன்னும் மோசம்.

என் பக்கத்தில், ஒன்பது மணிக்குப் பிறகு ரின் விற்பதில்லை என்று வைத்திருக்கிறேன். கொத்தமல்லி அவித்து வைக்கிறேன். மூன்று நாளில் நாலு பேர் குடித்தார்கள். அதில் ஒருவன் அதற்குள் ஒரு கரண்டி நெஸ்கபே போடச் சொன்னான்.

இப்படிக்கு,
நிலாவெளி வீதித் தேத்தண்ணிக் கடைக்காரன்