லீற்றருக்கு 22 கிலோமீற்றரா? மல்லாவிக்கு ஒருக்கால் ஓடிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த சின்னக் கார்கள் பற்றிய கட்டுரையை எங்கள் பள்ளிக்கூட ஓய்வறையில் ஐந்து பேர் சுற்றி நின்று வாசித்தோம். அதில் மூன்று பேர் இந்த வருடம் எப்படியாவது ஒரு கார் வாங்குவது என்று காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள். அல்டோ 800 லீற்றருக்கு 22 கிலோமீற்றர், பெற்றோல் இஞ்சினோடு பற்றரி மோட்டரும் இருக்கிற ஹைபிரிட் வகன் ஆர் 33 கிலோமீற்றர் என்று நீங்கள் போட்டிருந்ததைப் பார்த்தவுடனே கணித ஆசிரியர் பேனையை எடுத்துப் பத்திரிகை ஓரத்திலேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். அவரிடம் நான் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். அந்த எண்களை நம்பி வன்னியில் ஒருவரும் லீசிங் கடன் பேப்பரில் கையெழுத்து வைக்கக் கூடாது.

நான் ஓடுவது 2015ஆம் ஆண்டு அல்டோ 800. 2019இல் பாவித்த காராக வாங்கினேன். தரகர் "ஒரு லேடி டொக்டர் பாவிச்சது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுத்தவ" என்றார். இலங்கையில் விற்கப்படுகிற பழைய கார் எல்லாவற்றையும் லேடி டொக்டர்கள்தான் ஓடியிருக்கிறார்கள் போலும், அது கிடக்கட்டும். உருத்திரபுரத்தில் வெளிக்கிட்டு, கிளிநொச்சியில் ஏ9 பெருவீதியில் ஏறி, முறிகண்டியில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டு, மாங்குளத்தில் மேற்கே திரும்பி மல்லாவியில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். போய்வர ஏறக்குறைய 90 கிலோமீற்றர். மாதம் 20 நாள் என்றால் 1800. கூடவே இரண்டு ரீச்சர்மார் வருவார்கள், அவர்களின் சாப்பாட்டுப் பைகள், கொப்பிக் கட்டுகள், தவணை முடிவில் பரீட்சைத் தாள் மூட்டை. ஆறு வருடமாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு துணிவாகக் கதைக்கிறேன்.

எழுதுகிற முறை லேசானது. ஒரே பெற்றோல் செட், முடிந்தால் ஒரே பம்ப். குழாய் தானாக "டக்" என்று நிற்கும் வரை அடித்து மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவேன். ஓடி முடித்து அதே பம்பில் திரும்பவும் "டக்" வரை அடித்து, ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் பிரிப்பேன். பெற்றோல் அடிக்கிற தம்பிக்கு இப்போது பழகிவிட்டது, "ரீச்சர், கொப்பி கொண்டு வந்தனீங்களோ" என்று கேட்பான். போன மாசி மாதத்து ஒரு பக்கத்தில் 412 கிலோமீற்றருக்கு 23.6 லீற்றர் என்று கிடக்கிறது, பிரித்தால் 17.5 வரும். எங்கள் பாதையில் இதுதான் வழக்கமான கணக்கு. ஒரேயொரு தடவை 20 தாண்டியது. நான் தனியாக, ஏசி போடாமல், வவுனியாவிலிருந்து விடியற்காலையில் அறுபதில் உருட்டிக்கொண்டு வந்த நாள் அது. சோளகம் வீசுகிற ஆனி, ஆடியில் 15.8. காலையில் தெற்கே போகும்போது காற்று நேரே முகத்தில் அறையும். 796 சிசி மூன்று சிலிண்டர் இஞ்சின் அதை எதிர்த்து இழுக்கிற இழுவையைக் கால் பெடலிலேயே உணரலாம். மாரியில், ஏ9இல் கால் வைக்காமல் அக்கராயன், வன்னேரிக்குளம் பக்கத்து உள்வீதிகளில் மட்டும் திரிந்த ஒரு வாரம் 14.1.

அப்படியென்றால் 22 என்பது பொய்யா? பொய் இல்லை. இந்தியாவில் அந்தச் சோதனையை றோட்டில் செய்வதில்லை, ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் காரை ஏற்றி, ஏசியை நிறுத்திவிட்டு, குறித்து வைத்த வேகங்களில் ஓட்டி அளக்கிறார்கள். வகன் ஆரின் 33.4 ஜப்பானின் ஜேசி08 என்ற பழைய முறையில் வந்த எண். அதன் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர்கூட இல்லை, நெரிசலான ஜப்பானிய நகரத்தை நினைத்துப் போட்ட திட்டம். ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் உதவும். மாதச் செலவுக் கணக்கு எழுத உதவாது. அங்கே காற்று இல்லை, புழுதி இல்லை, பின் சீட்டில் மாமியும் அவவின் தேங்காய்ச் சாக்கும் இல்லை.

சரி, இப்போது காசுக் கதைக்கு வருகிறேன், உங்கள் கட்டுரை சறுக்கிய இடம் இதுதான். "அதிகம் சேமிக்க ஹைபிரிட் வாங்குங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைப்போம். என் அல்டோ 17 கிலோமீற்றர் கொடுக்கிறது, ஒரு ஹைபிரிட் எங்கள் பாதையில் 23 கொடுக்கிறது என்றும் வைப்போம். என்னைப் போல 1800 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு மாதம் மிஞ்சுவது ஏறக்குறைய 28 லீற்றர், அதாவது எட்டாயிரம் ரூபாய் சொச்சம். அந்த ஹைபிரிட்டுக்கு 15 இலட்சம் கூடக் கொடுக்க வேண்டியிருந்தால், வட்டியே இல்லாமல் ஐந்து வருடத்துக்குப் பிரித்தாலும் மாதம் 25,000. வட்டியைச் சேர்த்தால் என்ன வரும் என்று லீசிங் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதம் அறுநூறு கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறவருக்கு மிச்சம் மூவாயிரம்கூட இல்லை. எட்டாயிரத்தை மிச்சம் பிடிக்க இருபத்தையாயிரம் கட்டுவதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்கில் சொல்வது? பத்திரிகை ஓரத்தில் கணக்குப் போட்ட எங்கள் கணித ஆசிரியர் இந்த இடத்தில்தான் பேனையை மூடினார்.

ஹைபிரிட்டில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என் அத்தான் அக்குவா என்ற ஹைபிரிட் வைத்திருக்கிறார், ஏ9இல் மட்டும் ஓடினால் அது நல்ல கார்தான். ஆனால் அதன் பெரிய பற்றரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதைக் குளிராக்குகிற காற்று சீட்டின் ஓரத்தில் உள்ள ஒரு சின்ன வலை வழியாக உள்ளே போகிறது. கிரவல் வீதிப் புழுதி எங்கே போய்ச் சேரும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நாள் புளியங்குளம் தாண்டும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஏதோ ஒரு கராஜில் காட்டினார், "பற்றரி முடிஞ்சுது, மாத்த வேணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள், அத்தானுக்கு அன்று இரவு நித்திரை இல்லை. அடுத்த நாள் வேறொரு பெடியன் வலையைக் கழற்றி, மின்விசிறியில் சிவப்புக் கம்பளி மாதிரிப் படிந்திருந்த புழுதியைப் பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தான். விளக்கு அணைந்தது. இரண்டு வருடம் ஆகிறது, அதே பற்றரியில்தான் ஓடுகிறார். உங்கள் கட்டுரையாளர் இதில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

என் கார் புனிதமானது என்று சொல்லவும் வரவில்லை. அடிப்பாகம் தரையிலிருந்து 160 மில்லிமீற்றர் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஐந்து பேர் ஏறினால் மதகு ஏறி இறங்கும்போது வயிறு உரசும் சத்தம் பல்லைக் கூச வைக்கும். சில்லு 12 அங்குலம். பள்ளத்தில் விழுந்தால் வெளியே வர யோசிக்கும். இரண்டு தடவை ரிம் நெளிந்திருக்கிறது. இரண்டு தடவையும் ரயர் கடைத் தம்பி சில்லைக் கழற்றி நிலத்தில் வைத்து, மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி, கண்ணை ஒரு பக்கம் மூடி விளிம்பைப் பார்த்து, இன்னும் இரண்டு தட்டுத் தட்டித் தந்தான். அலோய் சில்லு என்றால் வெடித்திருக்கும், வாங்க யாழ்ப்பாணமோ வவுனியாவோ போயிருக்க வேண்டும். டிக்கி 177 லீற்றர். ஒரு மூட்டை அரிசி படுக்கும், அதற்கு மேல் ஒரு மரக்கறிப் பை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் யூரியா மூட்டை ஏற்றுகிற நாளில் பின் சீட்டைச் சாய்த்துவிடுவார், அடுத்த நாள் கார் முழுக்க உர மணத்தோடு பள்ளிக்கூடம் போவேன்.

பாதுகாப்பு விடயத்தில்தான் எனக்கே என் காரில் நம்பிக்கை இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் என்ற அமைப்பு காற்றுப்பை இல்லாத இந்திய அல்டோ 800ஐ 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பார்த்து, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் கொடுக்கவில்லை. அன்று மோதிப் பார்த்த மற்ற இந்தியச் சின்னக் கார்களுக்கும் அதே கதிதான். என் காரிலும் காற்றுப்பை கிடையாது. இரவில் ஏ9இல் மாடுகள் சூடான தார் றோட்டில் படுத்திருக்கும், கறுப்பு மாடென்றால் பத்து மீற்றர் கிட்ட வரும்வரை தெரியாது. எதிரே கொழும்புச் சொகுசு பஸ் ஒன்று முந்திக்கொண்டு வந்தால் அந்தக் காற்றிலேயே கார் ஒரு முழம் ஒதுங்கும். அதனால் பொழுதுபட்ட பிறகு நான் இதை எடுப்பதில்லை. பிள்ளைகளோடு மாதம் இரண்டு தடவை கொழும்பு போய்வருகிறவர் அல்டோ வாங்க வேண்டாம், இன்னும் ஒரு வருடம் காசு சேர்த்து 1000 சிசி டொயோட்டா விட்ஸ் ஒன்று பார்க்கட்டும். ஜப்பான் விட்ஸில் முன்னால் இரண்டு காற்றுப்பை இருக்கும். இருக்கும் என்றால், அடிபட்டுத் திருத்தின கார் இல்லாவிட்டால் இருக்கும். சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பை விளக்கு எரிந்து பிறகு அணைய வேண்டும், எரியவே இல்லையென்றாலும் சந்தேகப்படுங்கள், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்.

விட்ஸ் பெற்றோல் குடிப்பதில் என் காரைவிட ஒன்றிரண்டு கிலோமீற்றர் பின்னால் நிற்கும், அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் விலை என்னைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் சொந்தக் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் நான் வாங்கிய விலையைவிடக் கூடக் கொடுத்து என் அல்டோவைக் கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். உலகத்தில் எங்கேயாவது கார் பழசாகப் பழசாக விலை ஏறுமா? இங்கே ஏறியது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் என்பது எங்கள் சம்பளத்துக்கு வெறும் கதைதான். அதனால் வன்னியில் கார் வாங்குவது என்றால் பழைய கார் வாங்குவதுதான், அந்தப் பக்கத்தை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. காரின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் கிடக்கிறதா என்று பார்ப்பது, வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை என்று பார்ப்பது, காலையில் இஞ்சின் சூடாவதற்கு முன் போய் முதல் ஸ்ராட்டில் என்ன நிறப் புகை வருகிறது என்று பார்ப்பது, சீட்டுக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கித் துருவும் சேற்று மணமும் இருக்கிறதா என்று பார்ப்பது. கடைசியில் சொன்னது முக்கியம். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது மறந்திருக்காது, நீரில் நின்ற கார்களும் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரத்தான் செய்யும்.

எரிபொருளைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதும் இல்லை. தொண்ணூறுகளில் யுத்தத்தால் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காருக்குச் சூப்பிப் போத்தலால் ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அப்பா அந்த மணத்தோடுதான் கலியாண வீடுகளுக்குப் போனார். 2022இல் திரும்பவும் வரிசை வந்தது, பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது, பங்கீட்டுக்கான கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்கள். என் கார் 17 கொடுத்தால் 340 கிலோமீற்றர், எனக்கு வாரத்துக்கு வேண்டியது 450. நாலாம் நாள் பின்னேரமே முள் சிவப்புக்கு வந்துவிடும், ஐந்தாம் நாள் மூன்று பேரும் மாங்குளம் சந்தியில் பஸ்சுக்கு நிற்போம். அந்த மாதங்களில்தான் லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் கூடினால் என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கியது. ரயர் காற்றை வாரம் ஒருக்கால் பார்த்தேன், டிக்கியில் சும்மா கிடந்த சாமான்களை இறக்கினேன், எழுபதில் போனதை அறுபதாகக் குறைத்தேன். ஏ9இல் எழுபதுக்கு மேல் போனால் பொலிஸ் கையைக் காட்டும் என்பது வேறு விடயம். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் கூட்டித் தந்தது, ஒரு சதமும் செலவில்லை.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு கேள்வியும் ஒரு வேண்டுகோளும். அந்தக் கட்டுரையை எழுதியவர் இந்தக் கார்களில் ஒன்றையாவது ஓடிப் பார்த்தாரா, அல்லது விளம்பரத் தாளைப் பார்த்து எழுதினாரா? ஓடவில்லை என்றால் கிளிநொச்சிக்கு வரச் சொல்லுங்கள். என் அல்டோவைத் தருகிறேன், கொப்பியையும் தருகிறேன், மல்லாவிக்குப் போய்வரட்டும். போகிற வழியில் முறிகண்டியில் கச்சான் நான் வாங்கித் தருவேன். பெற்றோல் அவருடையது.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
உருத்திரபுரம், கிளிநொச்சி.