தீரர் சத்தியமூர்த்தியின் டெல்லி சட்டசபைப் பேச்சுகளைத் தமிழில் கொண்டுவர நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

பூண்டி நீர்த்தேக்கம் சத்தியமூர்த்தி பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னைக் காங்கிரஸ் அலுவலகமும் அப்படியே. ஆனால் அந்த மனிதர் டெல்லியில் என்ன பேசினார் என்று ஒரு மாணவர் கேட்டால், தமிழில் எடுத்துக் கொடுக்க எளிதாக எதுவும் கிடைப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பணி.

1887இல் திருமயத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்து, எஸ். சீனிவாச ஐயங்காரிடம் ஜூனியராக இருந்தார். 1934 தேர்தலில் ஜெயித்து, இன்றைய நாடாளுமன்றத்துக்கு முன்னோடியாக டெல்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குப் போனார். சபை நிராகரித்த நிதி மசோதாவையும் வைஸ்ராய் தம் தனி அதிகாரத்தால் சட்டமாக்கிவிடும் காலம் அது. ஓட்டெடுப்பில் வென்றும் பயனில்லை என்றால் மிஞ்சுவது கேள்வி நேரம்தான். அங்கே அவர் வக்கீலாகவே நின்றார். அதிகாரி தரப்பு பதிலில் ஒரு சொல் வழுக்கினால் போதும், அதைப் பிடித்துத் துணை வினா, அதற்கு மேல் இன்னொன்று என்று குறுக்கு விசாரணை போலப் போகும்.

சிக்கல் இங்கேதான். அவர் பேச்சும் கேள்வியும் சபை நடவடிக்கைக் குறிப்புகளின் தடித்த தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. அடுத்தவர் கேட்ட கேள்விக்கு நடுவில் எழுந்து இவர் கேட்டவையும் உண்டு. பொருளடக்கத்தை மட்டும் நம்ப முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். தடித்த பைண்டிங்கை மல்லாத்தி ஸ்கேனரில் அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். அதனால் 'வி' வடிவத் தாங்கியில் பாதி திறந்துவைத்து, மேலிருந்து 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி நுணுக்கத்தில்) படமெடுக்கிறோம். படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு வடிவாக்கும் எழுத்துணரி மென்பொருள் நட்சத்திரக் குறியை விழுங்கிவிடும். சபையில் வாய்மொழியாகப் பதில் கேட்ட கேள்விக்கு அந்தக் குறிதான் அடையாளம். ஆகவே இரண்டு பேர் தனித்தனியாக மெய்ப்புப் பார்த்தே தீரவேண்டும்.

மொழிபெயர்ப்பிலும் பொறி உண்டு. மானியத்தில், அதாவது ஒரு துறைச் செலவுக்கு அரசு சபையிடம் கேட்கும் தொகையில், 100 ரூபாய் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானத்தை அப்படியே எழுதினால் சிக்கனம் பேசியதாகத் தோன்றும். உண்மையில் அது அரசின் மீது கண்டனம். இப்படிப்பட்ட இடங்களுக்கெல்லாம் அடிக்குறிப்பு வரும்.

படமெடுக்கப் பக்கத்துக்கு 5 ரூபாய், இரட்டை மெய்ப்புக்கு 25 ரூபாய். 500 பக்கத் தொகுதி ஒன்றுக்கு 15,000 ரூபாய் ஆகிறது. முதல் கட்டமாக நான்கு தொகுதிகள், ஆக 60,000 ரூபாய். மொழிபெயர்ப்புக்குத் தனியாகப் பிறகு கேட்போம். 300 ரூபாய் தந்தாலும் பத்துப் பக்கம் முடிந்துவிடும். எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு, செலவுக் கணக்கு ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் வரும்.

பணம் தர இயலாதவர்கள் பரணைப் பாருங்கள். அந்தக் கால சுதேசமித்திரன், தினமணி இதழ்கள் இருந்தால் இரவல் கொடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம். சுருட்டினால் மடிப்பில் நொறுங்கும், இரண்டு அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்துக் கொடுங்கள். படமெடுத்ததும் அப்படியே திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பதிப்புக் குழுவினர்