தண்டவாளம் போடுமுன் எங்களுக்கு வழி போடுங்கள்

ரயில் பாதை விரிவாக்கப் பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருவொற்றியூர் பக்கம், தண்டவாளத்துக்கு மேற்கே குடியிருப்பவள். எங்கள் பகுதி ஒரு நீளமான பட்டை மாதிரி இருக்கும். மேற்கே பக்கிங்காம் கால்வாய், கிழக்கே ரயில் பாதை, நடுவில் நாங்கள். பிள்ளைகள் படிக்கும் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ், மெட்ரோ, கோயில், கடல் எல்லாமே பாதைக்கு அந்தப் பக்கம்தான். பால் வாங்குவதென்றாலும் பிரசவ வலி என்றாலும் நாங்கள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

எனக்கு நினைவு தெரிந்த நாளில் இங்கே இரண்டு தண்டவாளம்தான். மூன்றாவது வந்தது, அப்புறம் நான்காவதும் வந்தது. அடுத்து அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையும் மூன்றாவது, நான்காவது பாதை போடும் திட்டம் இருக்கிறது. அந்த வழியில் இருக்கும் நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை மக்களுக்காகவும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நாங்கள் பட்ட பிறகு கற்றுக்கொண்டதை அவர்கள் படாமலே பெற வேண்டும்.

பாதை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எக்ஸ்பிரஸ் போகட்டும் என்று லோக்கல் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, வேலைக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற காலைகள் எங்களுக்குத் தெரியும். நிலக்கரி வண்டி, கண்டெய்னர் வண்டி, வடக்கே போகும் எக்ஸ்பிரஸ், எங்கள் புறநகர் ரயில் என்று எல்லாவற்றையும் இரண்டு தண்டவாளம் எத்தனை நாள் சுமக்கும்? பாதை அவசியம் வரட்டும். அதில் முதல் வண்டி ஓடும் நாளுக்கு முன்னால், மனிதர்கள் கடக்கும் வழி திறந்திருக்க வேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

ஏன் முன்னால் என்று சொல்கிறேன். இரண்டு தண்டவாளம் இருந்தபோது எங்கள் உடம்புக்கே ஒரு கணக்கு தெரியும். இதில் வந்தால் வடக்கேயிருந்து வரும், அதில் வந்தால் தெற்கேயிருந்து வரும். ஒரு பக்கம் பார், நாலு எட்டு வை, இன்னொரு பக்கம் பார். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தோம். நான்கு ஆனதும் அந்தக் கணக்கு பொய்த்துப்போனது. எந்தத் தண்டவாளத்தில் எந்தத் திசையிலிருந்து வண்டி வரும் என்று வெளியில் நிற்பவரால் சொல்ல முடியாது. அது புரிய எங்களுக்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் ஒரு ஆயா இருந்தார். கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர். நாற்பது வருடமாக அதே இடத்தில் தண்டவாளத்தைத் தாண்டியவர், எங்களையெல்லாம் கைப்பிடித்துத் தாண்டவைத்தவர். அன்று காலை ஹாரன் கேட்டதும் நின்றார். லோக்கல் வண்டி கடந்துபோனது. அதன் கடைசிப் பெட்டி நகர்ந்ததும் கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். எதிர்த்திசையில் இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது. கடந்துபோன வண்டி அதைக் கண்ணுக்கும் மறைத்தது, காதுக்கும் மறைத்தது. பிறகு வந்த காகிதத்தில் அத்துமீறித் தண்டவாளத்தைக் கடந்தவர் என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தையைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. அவர் அத்துமீறவில்லை. அவர் வீட்டுக்கும் பிழைப்புக்கும் நடுவே இருந்த ஒரே குறுக்கு வழி அது.

இரண்டு வண்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் நின்று தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். புதிய பாதைகளில் ஒரு தண்டவாளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5.3 மீட்டர் விடுவது வழக்கம். புறநகர் மின்ரயில் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர். இரண்டு மின்ரயில்கள் பக்கம் பக்கமாகப் போனால் நடுவில் மிஞ்சுவது ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். கூடையோ புத்தகப் பையோ வைத்திருக்கும் ஒருவர் அந்தக் காற்றில் எப்படி நிற்பார்? வேகமும் கூடிவிட்டது. எங்கள் ஊர் வழியாக ஆந்திரா போகும் சென்னை - கூடூர் பாதையில் 2022 அக்டோபர் முதல் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை வேகம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தில் வரும் வண்டி 100 மீட்டரை மூன்று நொடிக்குள் தாண்டிவிடும். ஒரு முதியவர் ஒரு தண்டவாளத்தைத் தாண்டக்கூட அந்த நேரம் போதாது. டிரைவர் பார்த்தே பிரேக் போட்டாலும் வண்டி உடனே நிற்காது. அவர்மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. இப்படி ஒரு சாவைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு அவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டுமே.

இன்னொன்று, நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டி. நிலக்கரி ஏற்றிய முழு வண்டி என்றால் 58 பெட்டி, நீளம் 600 மீட்டருக்கு மேல். அது சிக்னலுக்காக எங்கள் வழியை மறித்து நின்றால் சுற்றிப்போக இடமே கிடையாது. பள்ளி மணி அடிக்கப்போகிறது. பிள்ளைகள் பையை முதலில் தள்ளிவிட்டு, பெட்டிக்கு அடியில் குனிந்து நுழைகிறார்கள். அந்த வண்டி கிளம்பும்போது முன்னாலிருந்து ஒவ்வொரு பெட்டியாக 'டக் டக்' என்று இழுப்பு ஓடிவரும். நடுப்பெட்டிக்கு அடியில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. நான் என் மகளை அடித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அவள் அப்படி நுழைந்து வெளியே வந்த அன்று.

சப்வே இருக்கிறதே, நடைமேம்பாலம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மழை நாளில் வடசென்னைச் சப்வேக்கள் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலம் கடலோரத் தாழ்நிலம். தோண்டினால் தண்ணீர், மழை பெய்தால் இன்னும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பகுதியில் நனையாமல் இருக்கும் உயரமான இடம் தண்டவாளம் போட்ட கரைதான். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், சப்வேயில் கழுத்தளவு தண்ணீர் என்றால் மக்கள் எங்கே ஏறி நடப்பார்கள்? அதே மழையில் வண்டி வருவதும் தெரியாது, ஹாரனும் சரியாகக் கேட்காது. அதனால், சப்வே கட்டுகிறீர்கள் என்றால் அதற்கு மோட்டார் பம்ப், கரண்ட் போனாலும் ஓட ஒரு ஜெனரேட்டர், தண்ணீர் போய்ச் சேர ஒரு வடிகால், இவை முடிந்த பிறகுதான் அது கட்டி முடிந்ததாகக் கணக்கு வையுங்கள். மண்கரையை அகலப்படுத்தும்போது பழைய மதகுகளையும் மூடிவிடாதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 16ஆவது பிரிவு, பாதையால் வழி தடைப்படும் பக்கத்து நிலத்துக்காரர்களுக்குக் கடவையும் பாலமும், தண்ணீர் தடையின்றி ஓட வடிகாலும் ரயில்வே நிர்வாகமே அமைத்துத் தர வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 147ஆவது பிரிவு, அத்துமீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. இரண்டாவது சொன்னதற்கு எங்கள் பக்கம் பலகை வைத்திருக்கிறார்கள்.

நடைமேம்பாலம் மின்கம்பிக்கு மேலே போக வேண்டும். ஆறு மீட்டருக்கு மேல் உயரம், அதாவது இரண்டு மாடி ஏறி இரண்டு மாடி இறங்குவது. முட்டி தேய்ந்தவர், கர்ப்பிணி, சைக்கிள் தள்ளிக்கொண்டு போகிறவர், தலையில் சுமை வைத்தவர் யாரும் அதில் ஏற மாட்டார்கள். சரிவுப்பாதை வையுங்கள், விளக்கு போடுங்கள். விளக்கில்லாத மேம்பாலத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பெண் ஏறுவதைவிடத் தண்டவாளமே மேல் என்று நினைக்கிறாள். அவள் நினைப்பு தப்பு என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

சுவர் கட்டினால் தீர்ந்தது என்ற எண்ணம் இருந்தால் தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வேறு பாதைக்கு மாற்றிவிடப்பட்ட மின்ரயிலின் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், பாதையோரக் கான்கிரீட் தடுப்பில் மோதி உயிர்விட்டார்கள். எந்த வண்டி எந்தப் பாதையில் எந்தக் கூட்டத்தோடு வரும் என்று பார்க்காமல் எழுப்பும் சுவரும் ஆளைக் கொல்லும். அப்புறம், வழி கொடுக்காமல் சுவர் மட்டும் எழுப்பினால் அது ஒரு மாதம்கூட நிற்காது. எங்கள் பக்கச் சுவரில் ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை அடைக்க வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, எத்தனை பேர் நுழைகிறார்கள், அதில் யூனிஃபார்ம் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லுங்கள். சப்வே எங்கே வர வேண்டும் என்று அந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும். எண்ணுவதற்கு ஆள் இல்லையென்றால் எங்கள் தெருப் பெண்கள் எண்ணித் தருகிறோம்.

2012இல் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு, இப்படித் தண்டவாளம் கடந்து நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இறக்கிறார்கள் என்று எழுதியது. அதன் பிறகு அகலப் பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. அது பெரிய வேலை, மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் கேட் மூடப்படும்போது வாகனத்துக்கு மேம்பாலம் வந்துவிடுகிறது, நடப்பவர் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. அவர் சுற்றமாட்டார் என்று உங்களுக்கும் தெரியும்.

வேலை நடக்கும் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜல்லிக் குவியலும் புதுத் தண்டவாளக் கட்டும் போட்டுவைத்திருக்கும் இடத்தில் வண்டி வருவது மறைந்துபோகிறது. புது மின்கம்பியில் 25,000 வோல்ட் ஏற்றும் முன் பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்கிறீர்கள். காற்றாடி விடும் பையன் பத்திரிகை படிப்பதில்லை. கம்பியில் சிக்கிய காற்றாடியைக் குச்சியால் எடுக்கப் போவான். தெருவில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லுங்கள், பள்ளிகளில் வந்து சொல்லுங்கள்.

புதிய பாதையைத் திறக்குமுன் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து ஆய்வு செய்கிறார். அவர் ரயில்வேயின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார் என்பதே அவர்மேல் எங்களுக்கு நம்பிக்கை தருகிறது. பாலம், வளைவு, சிக்னல் எல்லாம் அவர் பார்க்கட்டும். கூடவே, பாதையின் இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கும் இடங்களில் மக்கள் கடக்கும் வழி திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்கும்படி நீங்களே அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அது முடியும்வரை அங்கே வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள்.

எந்த நாளானாலும் காலை ஏழு மணிக்கு வாருங்கள். ஜீப்பை நெடுஞ்சாலையிலேயே விட்டுவிட்டு, சுவர் ஓட்டை வழியாக எங்கள் பிள்ளைகளோடு ஒருமுறை நான்கு தண்டவாளத்தையும் தாண்டிப் பாருங்கள். நான் கூட வருகிறேன். மழை நாளில் வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தண்டவாளத்துக்கு மேற்கே குடியிருக்கும் ஒருத்தி,
திருவொற்றியூர், சென்னை.