உழக்கின் மேல் ஒரு கோபுரம்

கானாடுகாத்தான்,
ஐப்பசி 20

அன்புள்ள சிவகாமி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே ஐந்து நாளாக மழை. ஊருணி நிரம்பிவிட்டது. வளவு முற்றத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

தீபாவளிக்குச் சுட்ட வெள்ளைப் பணியாரம் எண்ணெய் குடித்துப் படுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அதே நினைவுதான். உழக்குப் பச்சரிசியைத் தலை தட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னேன். எந்தப் பாத்திரத்தால் அளக்கப்போகிறாய் என்று கேட்கவில்லை. அங்கே வாங்கிய 250 மில்லி கப்பில் அளந்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

சாமான் அறையிலிருந்து எங்கள் வீட்டு விலாசம் வெட்டிய பித்தளை உழக்கை எடுத்தேன். மருமகன் வாங்கித் தந்த எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, முதலில் தண்ணீரை நிரப்பினேன். 335 கிராம். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம் என்பதால் உழக்கின் கொள்ளளவு அதிலேயே தெரிந்துவிட்டது. துடைத்துக் காயவைத்துத் தலை தட்டிய பச்சரிசி 280 கிராம். மேலே நின்ற உளுந்து 30 கிராம்தான். பிறகு உன் கப்பைப் போல வாய் அகன்ற ஒரு கிண்ணத்தில் அதையே செய்தேன். அரிசி 205 கிராம், உளுந்து 45! அரிசி குறைந்தும் உளுந்து கூடிவிட்டது, பார். வாய் அகலமானால் குவியலின் அடியும் அகலும், உயரமும் ஏறும். அரிசியோடு ஒப்பிட்டால் உன் மாவில் உளுந்து ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. பணியாரம் எண்ணெய் குடிக்காமல் என்ன செய்யும்? உன் கைப்பக்குவத்தில் குறையே இல்லை, சிவகாமி.

ஆகையால் இனி 280-க்கு 30 என்று நிறுத்தே போடு. பாதி வேண்டுமானால் 140-க்கு 15. கோபுரத்தைப் பாதியாக்க முடியாது, கிராமைப் பாதியாக்கலாம்.

1958-ல் மெட்ரிக் எடைகள் வந்த பிறகு கடைகளில் சேரும் வீசையும் மறைந்துபோயின. நம் அடுப்படியில் படியும் உழக்கும் நின்றுவிட்டன. அவற்றை ஒரே கணக்கில் கிராமாக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கனம் உண்டு. நெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். மாவுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. அந்தக் கிண்ணத்திலேயே சலித்த அரிசி மாவைப் பூப்போலப் போட்டால் 130 கிராம், தட்டி அமுக்கினால் 175. தேன்குழல் ஒரு நாள் கரகரப்பாகவும் மறுநாள் கல்லாகவும் வருவதற்கு இந்த 45 கிராம் போதும். மாவை நிறுக்காமல் தேன்குழல் பிழிவதை நான் விட்டுவிட்டேன்.

உப்பிலும் கவனம் வேண்டும். தூள் உப்பு போடும் கரண்டியால் கல் உப்பைப் போட்டால் இடைவெளி அதிகம், எடை குறையும். இன்னொன்று, உங்கள் மெல்போர்னில் விற்கும் மேசைக்கரண்டி 20 மில்லி. நான் எழுதி அனுப்பியதெல்லாம் 15 மில்லி கரண்டிக் கணக்கு. தேக்கரண்டி இரண்டு இடத்திலும் 5 மில்லிதான், எனவே மேசைக்கரண்டிக்கு மூன்று தேக்கரண்டி என்று போட்டுக்கொள். பெருங்காயம், ஏலக்காய் போன்றவற்றைத் தராசில் வைக்காதே. ஒரு கிராமுக்குக் கீழே அது சரியாகக் காட்டாது.

அதிரசத்துக்கு இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை. ஈர அரிசி மாவு நனைந்ததற்கேற்பக் கனக்கும். மழை விட்டதும் இரண்டு மூன்று முறை செய்து பார்த்து எழுதுகிறேன்.

தை மாதம் உன் அண்ணன் மகன் இங்கு வருகிறானாமே. அவனிடம் மாவுருண்டை தந்தனுப்புகிறேன். அதற்குள் உன் கப்பில் தண்ணீர் எத்தனை கிராம் நிற்கிறது என்று எழுது.

அன்புடன்,
விசாலாட்சி