கணுக்காலோடு நின்றுபோன ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைசிறந்த கால்பந்து ஸ்ட்ரைக்கர்கள் (கோல் அடிக்கும் முன்கள வீரர்கள்) பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். நெதர்லாந்து வீரர் மார்கோ வான் பாஸ்டனுக்கு மட்டும் ‘காயத்தால் ஓய்வு’ என்று ஒரே வரி. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1988 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதியாட்டத்தில் சோவியத் அணிக்கு எதிராக அவர் அடித்த கோல் எல்லோருக்கும் தெரியும். பந்து தரையைத் தொடும் முன்பே, வலப்பக்கத்தில் கோணமே இல்லாத இடத்திலிருந்து அடித்த வாலி அது. 1992 நவம்பரில் இத்தாலியின் ஏசி மிலான் அணிக்காக ஆடி, ஸ்வீடனின் கோத்தன்பர்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 கோல். அந்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருது, மூன்றாவது முறையாக. 1993 மே மாதம் மியூனிக்கில் பிரான்ஸின் மார்செய் அணியுடன் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டமே அவருக்குக் கடைசிப் போட்டியாகிவிட்டது. வயது 28தான்! கணுக்காலில் அறுவைசிகிச்சை மேல் அறுவைசிகிச்சை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போராடிப் பார்த்துவிட்டு, 1995 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். மிலானின் சான் சிரோ மைதானத்தைச் சுற்றிவந்து ரசிகர்களுக்குக் கையசைத்தபோது பயிற்சியாளர் கபெல்லோ கண்கலங்கினார்.

பின்னாலிருந்து காலை வாரும் டேக்கிளை நடுவர்கள் அன்று கண்டிப்போடு அணுகவில்லை. எதிராளிக்கு ஆபத்தான அத்தகைய டேக்கிளைக் கடும் முறைகேடாகக் கருதவேண்டும் என்று விதி திருத்தப்பட்டது 1998-ல்தான். அவருக்கு அது உதவவில்லை.

சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான். கணுக்கால் வீங்கியிருந்தாலும் ‘ஒன்றுமில்லை சார்’ என்று காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அவர்கள் படிக்கும்படி, காயங்களைப் பற்றி விரிவான ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்