செல்விக்கு, அயர்லாந்தின் கால்வேயிலிருந்து

கால்வே,
4 நவம்பர் 2025

அன்புள்ள செல்வி,

முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. யாழினி முழுகாமல் இருக்கிறாள் என்று நீ குரல் தழுதழுக்க அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு ஓர் இதயப் படத்தைப் போட்டுவிட்டு இருபத்தாறு நாள் காணாமல் போனவள் நான். நடுவில் நீ மூன்று தடவை கூப்பிட்டாய். நைட் டூட்டி என்று சொன்னதெல்லாம் பொய்.

எங்கள் வீட்டுச் செய்தியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அந்தோணிக்கு முழங்கால் வலி, டாக்டரிடம் போகமாட்டேன் என்கிறார். ஜெர்ரி கார்க்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், ஞாயிறு பூசைக்குப் போகிறான் என்று சொல்கிறான், நானும் நம்புகிறேன். மழை பெய்கிறது. குண்டு மேரி லண்டனிலிருந்து வந்து நான்கு நாள் தங்கினாள், இன்னும் அதே சிரிப்பு, அதே குறட்டை. போதுமா?

யாழினி விஷயத்தில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதே. பிறந்த ஆறாம் நாள் என் புதுப் புடவையை நனைத்தவள் அவள். ஆனால் நீ அந்த மெசேஜில் "டல்லாஸ்லதான் பிரசவம்" என்றாய் பார், டெக்சாஸின் கருக்கலைப்புச் சட்டம் நினைவுக்கு வந்து, அதோடு என் வாய் கட்டிக்கொண்டது. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணைப் பற்றி அபசகுனமாகப் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? அம்மா இருந்திருந்தால் நாக்கில் சூடு போட்டிருப்பாள். போனில் பேசினால் நான் அழுவேன், நீ பயந்துபோவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவேன். தபாலில் போட்டால் குழந்தை பிறந்து பெயர் வைத்தபிறகு வந்துசேரும்.

போன வாரம் அக்டோபர் 28 வந்து போனது. சவீதா செத்துப் பதின்மூன்று வருஷம். நான் அவளை நேரில் பார்த்ததில்லை. அப்போது நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த ஊர் எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும், கருவேப்பிலை கிடைக்கிற கடை ஒன்றே ஒன்று. பெல்காம் பெண், பல் டாக்டர், 31 வயது, 17 வாரம். 2012 அக்டோபர் 21 அன்று முதுகுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கரு தங்காது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். அன்று இரவே பனிக்குடம் உடைந்துவிட்டது. தங்காதது தங்காமலே போகட்டும், முடித்துவிடுங்கள் என்று அவளும் அவள் கணவரும் கேட்டார்கள். கருவின் இதயம் துடிக்கிறது, சட்டம் இடம் தராது என்று பதில் வந்தது. ஒரு மிட்வைஃப் "இது கத்தோலிக்க நாடு" என்று சொல்லியிருக்கிறார். சொன்னதை விசாரணையில் அவரே ஒத்துக்கொண்டார். 24-ஆம் தேதி இதயம் நின்றது. அதற்குள் செப்சிஸ், கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. 28-ஆம் தேதி அவளும் போய்விட்டாள்.

நீ உடனே கேட்பாய், சட்டம் மட்டுமா கொன்றது, நர்சுகள் நாடி பார்க்கவில்லையா, ரத்தப் பரிசோதனை என்ன ஆனது என்று. சரியான கேள்வி. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கத் தவறினார்கள், காய்ச்சலையும் நாடியையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை என்று விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் செல்வி, பனிக்குடம் உடைந்து கர்ப்பவாய் திறந்து கிடக்கும்போது காத்திரு என்று சொன்னது எது? 1983-இல் இந்த நாட்டு மக்கள் வோட்டுப் போட்டு அரசியலமைப்பில் சேர்த்த எட்டாவது திருத்தம். தாயின் உயிருக்கும் வயிற்றுக்குள் இருக்கும் உயிருக்கும் சம உரிமை என்கிறது. தாளில் படித்தால் எவ்வளவு அழகாக இருக்கிறது! என் அம்மா படித்திருந்தால் முத்தி செய்திருப்பாள். வார்டில் அதற்கு என்ன அர்த்தம் என்றால், டாக்டர் கட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டத்தைப் பார்ப்பார். இவள் இன்னும் சாகும் நிலைக்கு வரவில்லையே, இப்போது தொட்டால் ஜெயிலா என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்குப் போடும் நேரத்தில் கிருமி காத்திருக்காது.

2014 டிசம்பரில் இன்னொன்று. மூளைச்சாவு அடைந்த ஒரு கர்ப்பிணியை, 15 வாரக் கருவுக்காக, வாரக்கணக்கில் மெஷினில் வைத்திருந்தார்கள். அவள் அப்பா கோர்ட்டுக்குப் போய்தான் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நிறுத்த அனுமதி வாங்கினார். அந்த வார்டில் இருந்த நர்சுகளை நினைத்து நான் சரியாகத் தூங்கவில்லை. தினமும் அவளுக்குத் தலை வாரி விட்டிருப்பார்கள் இல்லையா?

எட்டாம் கட்டில் ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்கத் தேவையில்லை. உனக்கு அது மறந்திருந்தால் எருக்கஞ்செடியைக் கண்டால் ஏன் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய்? 1991. நாம் நர்சிங் இரண்டாம் வருஷம். அந்த நாற்றம் எனக்கு முப்பத்துநாலு வருஷமாக மூக்கை விட்டுப் போகவில்லை. கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்தது யார் என்று கடைசிவரை அந்தப் பெண் சொல்லவில்லை. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் அக்கா" என்றாள். நம்மைவிட அவளுக்கு ஒரு வயதோ இரண்டு வயதோதான் குறைவு, அதற்குள் அக்கா ஆக்கிவிட்டாள். கருக்கலைப்புச் சட்டம் வந்து அப்போது இருபது வருஷம். 1971 சட்டம். அதே கட்டடத்தில் மாடி ஏறி வந்திருந்தால் அரை மணி நேர வேலை. கல்யாணம் ஆகாதவள் மாடி ஏறுவதற்கு எந்தச் சட்டம் கை கொடுத்தது? கல்யாணம் ஆகாதவளுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னதே 2022 செப்டம்பரில்தான்.

இங்கே ஐரிஷ்காரிகளிடம் நம் சட்டத்தைப் பற்றி நான் பீற்றிக்கொண்டது உண்டு. "நீங்க எல்லாம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போறீங்க, எங்க ஊர்ல 1971-லேயே வந்துருச்சு" என்று. அவர்களும் பாவம், 1980-இலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படிப் போய் வந்திருக்கிறார்கள், யாருக்கும் சொல்லாமல், ஒரு சின்னப் பையோடு. ஆனால் நம் சட்டமும் பெண் கேட்டால் கொடு என்று சொல்லவில்லையே. டாக்டர் சம்மதித்தால் கொடு என்கிறது. ஜனத்தொகை பயத்தில் பிறந்த சட்டம், பெண்ணை நினைத்துப் பிறந்ததா என்ன? கணவன் கையெழுத்து வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அது இல்லாமல் திருப்பி அனுப்புகிற இடங்களில் போய் நீ போட்ட சண்டைகளை எல்லாம் நான் மறக்கவில்லை.

இனி நம் சண்டைக்கு வருகிறேன். ஏழு வருஷமாக அதைத் தொடாமல் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி நடக்கிறோம்.

2018-இல் இங்கே எட்டாவது திருத்தத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று வோட்டெடுப்பு வந்தபோது நீ போனில் கத்தினாய். "உசிலம்பட்டியில நான் கள்ளிப்பாலோட மல்லுக்கட்டி முடிச்சா ஸ்கேன் வந்து நிக்குது. பொம்பளப் புள்ளன்னா கலைக்கிறான். நீ அங்க உக்காந்துகிட்டு உரிமைங்கிறே" என்றாய். எனக்கு வாயடைத்துப்போனது. 1992-இல் சேலத்தில், பெண் குழந்தையைக் கொல்லாமல் விட்டுப்போகட்டும் என்று அரசாங்கம் தொட்டில் வைத்தபோது பேப்பரை வெட்டி எனக்கு அனுப்பினவள் நீ. வீடு வீடாக ஏறி, மாமியார்களிடம் ஏச்சு வாங்கி, குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று தினமும் எட்டிப் பார்த்தவள் நீ. உன்னிடம் நான் என்ன பேச முடியும்?

ஆனாலும் இந்த ஏழு வருஷமாக மனதுக்குள் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், பாத்திரம் கழுவும்போதெல்லாம். அந்த வீடுகளில் கலைக்கலாம் என்று முடிவெடுத்தது யார், செல்வி? அவளா? மாமியார், புருஷன், வரதட்சணைக் கணக்கு. வேண்டும் என்றவளைக் கலைக்க வைத்தார்கள். சவீதாவும் குழந்தை வேண்டும் என்றுதான் இருந்தாள், முடிந்துபோனதை முடித்துவிடு என்று கெஞ்சியும் விடவில்லை. உசிலம்பட்டியில் அவள் பேச்சை எவன் கேட்டான்? கால்வேயில் எவன் கேட்டான்? இதைத்தான் அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை வரவில்லை, "நெட்வொர்க் சரியில்லை" என்று போனை வைத்தேன்.

இன்னொன்றும் அன்றைக்கு மறைத்தேன். எங்கே போட்டாய் என்று கேட்டாய், வோட்டு ரகசியம் என்று சிரித்து மழுப்பினேன். அந்தோணிக்குக்கூட இன்றுவரை தெரியாது. எங்கள் ஜெபக்கூட்டத்தில் தெரிந்தால் எனக்குக் காப்பி கூடத் தரமாட்டார்கள். மே 25, வெள்ளிக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சுவரில் குழந்தைகள் வரைந்த ஆட்டுக்குட்டிகள். வோட்டுச் சீட்டில் ஐரிஷ் மொழியிலும் போட்டிருப்பார்கள். ஆம் என்பதற்கு அவர்கள் சொல் "தா". நம்ம "தா"தான், உச்சரிப்பும் கிட்டத்தட்ட அதேதான். நான் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தின வாரம் பங்குச்சாமியார் பிரசங்கத்தில் அழுதது ஞாபகம் வந்தது. அவர் நல்ல மனிதர், அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. கரு ஓர் உயிர் என்று நானும்தான் நம்புகிறேன், இப்போதும் நம்புகிறேன். எட்டாம் கட்டில் பெண் "அக்கா" என்றாள். "தா"வுக்குப் போட்டேன்.

வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன், அதையும் சிரிக்காமல் கேள்.

66.4 சதவீதம் ஆம். 1983-இல் திருத்தத்தைக் கொண்டுவந்தபோதும் ஏறக்குறைய இதே மூன்றில் இரண்டு பங்குதான், எதிர்ப்பக்கம். வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் எல்லாம் வோட்டுப் போட விமானம் பிடித்து வந்திறங்கினார்கள். டப்ளினில் ஒரு சுவரில் சவீதாவின் முகம் வரைந்திருந்தார்கள், அதைச் சுற்றிலும் துண்டுச் சீட்டில் எழுதி எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள், நிறையச் சீட்டுகளில் மன்னிப்பு. பெல்காமில் அவளைப் பெற்றவர்கள் தங்கள் மகளை நினைத்து வோட்டுப் போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் நிலைமையில் நாம் இருந்தால் அப்படி அமைதியாகக் கேட்டிருப்போமா?

சரி, இப்போது டெக்சாஸ். இங்கே சட்டம் கதவைத் திறந்து மூன்றரை வருஷத்தில் அமெரிக்காவில் மூடிவிட்டார்கள். 1973-இலிருந்து நாடு முழுக்க இருந்த கருக்கலைப்பு உரிமையை அவர்கள் உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று எடுத்துவிட்டு, மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. டெக்சாஸ் அதற்கு முந்தின வருஷமே ஒரு வேடிக்கையான சட்டம் போட்டிருந்தது. கலைக்க உதவி செய்தவர் மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், ஜெயித்தால் குறைந்தது 10,000 டாலர். பக்கத்து வீட்டுக்காரனை ஒற்றனாக்கும் சட்டம். 2022 ஆகஸ்டிலிருந்து, கலைத்துவிடும் டாக்டருக்கு 99 வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத அபராதம், லைசென்ஸும் போகும். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. எவ்வளவு ஆபத்து, யார் அளப்பது?

அதே மாதம் ஆஸ்டினில் அமாண்டா சுராவ்ஸ்கி என்ற பெண்ணுக்கு 18 வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. கரு பிழைக்காது என்று தெரிந்தும் இதயம் துடிக்கிறது என்று காக்க வைத்தார்கள், செப்சிஸ் வந்தபிறகுதான் கை வைத்தார்கள். செய்தியைப் படித்தபோது தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், சவீதாவின் பழைய செய்தியை யாரோ மறுபடி போட்டுவிட்டார்களோ என்று. இவள் பிழைத்தாள். செனட்டில் போய்ச் சாட்சி சொன்னாள், மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டாள், 2024 மே மாதம் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. டல்லாஸ் பக்கத்துப் பெண் கேட் காக்ஸ், வயிற்றில் இருந்தது பிழைக்க வழியில்லாத குழந்தை, 2023 டிசம்பரில் கோர்ட்டில் அனுமதி கேட்டு மறுக்கப்பட்டு வெளிமாநிலம் போய்தான் முடித்தாள். இந்த வருஷம் ஜூனில் சட்டத்தைக் கொஞ்சம் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள், சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று. நல்லதுதான். பயந்துபோன டாக்டருக்குத் தெளிவு எத்தனை நாளில் வரும் என்பதுதான் என் கவலை.

யாழினிக்கு ஒன்றும் ஆகாது. நல்லபடியாகப் பெற்றெடுப்பாள், உன் மூக்கோடு, பாவம் அந்தக் குழந்தை. ஆனால் நீ லக்கேஜில் சுக்கும் பெருங்காயமும் கட்டும்போது இதையும் சேர்த்துக் கட்டு. அவளிடம் பயமுறுத்தாமல் சொல், அல்லது மாப்பிள்ளையிடம் சொல், அவர்தான் எல்லாவற்றுக்கும் எக்செல் போடுகிறவராயிற்றே. அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் நேராகக் கேட்கட்டும், "24 வாரத்துக்கு முன்னால் பனிக்குடம் உடைந்தால் இங்கே என்ன செய்வீர்கள்?" என்று. மழுப்பினால் வேறு டாக்டர். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். நீர் கசிந்தாலோ, ரத்தம் போனாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ காலை வரைக்கும் பார்க்கலாம் என்று படுக்க வேண்டாம். கான்சாஸ் ஆறு மணி நேரக் கார்ப் பயணம், அங்கே 2022 ஆகஸ்டில் மக்களே வோட்டுப் போட்டு உரிமையைக் காப்பாற்றிவைத்தார்கள். காய்ச்சல் வந்தபிறகு அந்தத் தூரம் போகக்கூடாது, அதற்கு முன்னால் என்பதைச் சொல். இவ்வளவுதான். எழுதும்போதே மூன்று முறை மரத்தைத் தொட்டுவிட்டேன், சிலுவையும் போட்டுக்கொண்டேன், உன் திருப்திக்கு பாண்டி கோயிலுக்கு ஒன்று முடிந்து வைத்திருக்கிறேன்.

நான் "தா"வுக்குப் போட்டதற்குக் கோபம் என்றால் பத்து நாள் பேசாதே, பதினோராம் நாள் கூப்பிடு. அதற்குள் வளைகாப்புக்கு என்ன நிறப் புடவை என்று மட்டும் மெசேஜ் போடு. பச்சை என்றால் இங்கேயே கிடைக்கும், இந்த ஊரில் வேறு நிறமே கிடையாது.

உன்
ஸ்டெல்லா

பி.கு.: குண்டு மேரி உன்னைக் கேட்டாள். வார்டனின் சாவிக்கொத்து இன்னும் உன்னிடம்தான் இருக்கிறதாம். நான் வாய் திறக்கவில்லை.