கேமரா இருக்கும் அறைக்கு நான் வரமாட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். 'டெட்லி பிரிமனிஷன்' என்ற, கொலையைத் துப்பறியும் அந்தத் திகில் வீடியோ கேமை நாம் இருவரும் சேர்ந்து மறுபடி ஆடலாம், அதைப் பதிவு செய்து உன் சேனலில் போடலாம் என்று கேட்டிருந்தாய். யோசித்து முடிவெடுத்துவிட்டேன், நான் வரவில்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த கேமைக் கிண்டல் செய்து உன் சேனலில் நீ போட்ட காணொளியில் பேசியதெல்லாம் ஊரறியப் பேசியது; அதற்கான மறுமொழியும் நாலு பேர் படிக்கும் இடத்தில் இருப்பதே முறை என்று பட்டது. உன் பெயரையும் சேனலின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. வீட்டு விஷயங்களிலும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பார்த்துத்தான் எழுதுகிறேன்.

உன் காணொளியில் நீ சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. 2010-இல் வெளிவந்த கேம், அதற்கு முந்தைய தலைமுறைக் கன்சோலில் ஓடுவது போலத்தான் தெரிகிறது. அணில்கள் குரங்குகளைப் போலக் கத்துகின்றன. துக்கமான உரையாடலுக்கு நடுவில் துள்ளலான இசை புகுந்து வசனத்தையே விழுங்கிவிடுகிறது. மேப்பைத் திறந்தால் நாம் நிற்கும் இடம் தெரிகிறதே தவிர, போக வேண்டிய இடத்துக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்பது விளங்குவதில்லை. கதையின் வில்லனான மழைக்கோட்டுக் கொலைகாரன் துரத்தும்போதெல்லாம் கன்ட்ரோலரின் ஸ்டிக்கை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி என் கட்டைவிரல் வலித்ததை நீயே பக்கத்தில் இருந்து பார்த்தாய். இவற்றுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நீ சொல்லாமல் விட்டவற்றைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல்.

துப்பாக்கிச் சண்டைகளைக் காட்டிவிட்டு, இதைச் செய்தவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதே தெரியவில்லை என்றாய். அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, தம்பி. ஆக்சஸ் கேம்ஸ் நிறுவனத்தில் ஸ்வெரி என்று அறியப்படும் ஹிடெடாக்கா சுயேஹிரோவின் இயக்கத்தில் உருவான இந்த கேம், முதலில் 'ரெய்னி வுட்ஸ்' என்ற பெயரில் 2007-இல் அறிமுகமானது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை அப்படியே ஒத்திருக்கிறது என்ற விமர்சனம் எழவே, பலவற்றை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. ஒளியையும் நிழலையும் நினைவகத்துக்குள் அடக்க முடியாமல் திணறியும், நான்கு முறை கைவிடப்படும் நிலைக்குப் போயும் மீண்டது. நீ காட்டிச் சிரித்த சண்டைகள், வெளியீட்டாளர் தரப்பின் நெருக்கடியால் பிற்பாடு செருகப்பட்டவை. புதிய கேம்கள் 60 டாலருக்கு விற்ற காலத்தில் இது 20 டாலருக்கு வந்தது.

கையில் இருந்த அந்தக் கொஞ்சப் பணத்தையும் உழைப்பையும் எதில் போட்டார்கள் என்று பார்த்தாயா? கிரீன்வேல் என்ற அந்தச் சிற்றூரில் ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரமும் ஒரு நடமாட்டம் உண்டு. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவர்கள் கடை திறக்கிறார்கள், வீடு திரும்புகிறார்கள், நாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே அவரவர் வேலையில் இருக்கிறார்கள். நாம் ஆட்டுவிக்கும் துப்பறிவாளன் யார்க்குக்குத் தாடி வளர்கிறது. உடை மாற்றாமல் திரிந்தால் அவனைச் சுற்றி ஈ மொய்க்கிறது. காருக்கு பெட்ரோல் தீர்கிறது. அந்தக் காரில் வைப்பருக்கு ஒரு பட்டன், இண்டிகேட்டருக்கும் பட்டன். இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால் யாரும் கேட்கப்போவதில்லை, போட்டால் எந்தப் புள்ளியும் ஏறப்போவதில்லை; இருந்தும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்து வைத்திருக்கிறார்.

அந்த இண்டிகேட்டரைத்தான் சொல்ல வந்தேன். நாம் அதை ஆடிய ஆண்டு நம் வீடு எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய தேவையில்லை. நீ யாரோடும் பேசாமல் இருந்தாய் என்பதை மட்டும் சொல்கிறேன், அதற்கு உன் அனுமதி உண்டு என்று நம்பி. நான் ஆடுவதைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாய். அன்று கன்ட்ரோலரை உன்னிடம் நீட்டினேன், வாங்கிக்கொண்டாய். கேமிலும் மழை. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அந்த வேகமில்லாத காரை ஓட்டினாய். வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. எதிரில் ஒரு வண்டியும் வராத சந்திப்பில், பின்னாலும் யாரும் இல்லாதபோது, இண்டிகேட்டரைப் போட்டு, நிதானமாகத் திரும்பி, அணைத்தாய். யார்க் வழக்கம்போல, நம் கண்ணுக்குத் தெரியாத ஸாக்கிடம் பழைய படம் ஒன்றைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, "இல்லையா, ஸாக்?" என்ற பாவனையில் நிறுத்தினான். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வாய்விட்டு, "ஆமாம்" என்றாய்.

அவ்வளவுதான் நடந்தது. நான் உன் பக்கம் திரும்பவில்லை; திரும்பினால் மறுபடி மௌனமாகிவிடுவாயோ என்று பயம். (ஸாக் யார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆடாதவர்கள் இதைப் படிக்கக்கூடும். உன் காணொளி அந்தக் கவலை இல்லாமல் முதல் சில நிமிடங்களிலேயே அதைப் போட்டுடைத்துவிட்டது.) அதன் பிறகு இரவுதோறும் நீயே வந்து உட்கார்ந்தாய். நினைத்த இடத்துக்கு நொடியில் போக உதவும் ரேடியோ கிடைத்த பிறகும் நீ அதைத் தொடவில்லை. ஓட்டிக்கொண்டே போனால்தானே அவன் பேசுவான் என்றாய்.

இப்போது உன் காணொளியில் அதே காரை ஆமை என்கிறாய். அவன் பேசத் தொடங்கியதும் காட்சியை வேகமாக ஓட்டிவிட்டு, மேலே ஒரு கொட்டாவிப் படத்தை ஒட்டியிருக்கிறாய். எனக்கு அது வலித்தது. நீ தொழிலாகச் செய்கிறாய், பார்ப்பவர்களைப் பிடித்து வைத்தாக வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் புரியாததல்ல. உன் உழைப்பைக் குறைத்துப் பேசினால் மன்னித்துவிடு. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை: கிண்டல் செய்ய உலகத்தில் வேறு கேமே கிடைக்கவில்லையா? இருந்திருந்து அதுதானா?

உண்மையாகவே கண்டிக்க வேண்டிய ஒன்று அந்த கேமில் இருக்கிறது. கதையின் பிற்பகுதியில் ஒரு கதாபாத்திரத்தின் பாலின வெளிப்பாட்டை அதிர்ச்சிக்கான கருவியாக்கியிருக்கும் விதம் எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. 2020-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் திருநங்கை ஒருவரைச் சித்தரித்த விதம் கண்டனத்துக்கு உள்ளானபோது, ஸ்வெரி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு வசனங்களை மாற்றினார். அணிலின் குரலுக்கு அவ்வளவு நேரம் செலவழித்த நீ, இதைப் பற்றி ஒரு வாக்கியமும் பேசவில்லை. நீ பேசியிருந்தால் முதல் ஆளாக உன் பக்கம் நின்றிருப்பேன். நேசிப்பவர்கள் குறையைப் பார்க்காதவர்கள் என்று நீ நினைப்பதாகத் தோன்றுகிறது. நான் அந்த கேமின் குறைகளை உன்னைவிட நன்றாக அறிவேன், ஏனென்றால் அதைப் பலமுறை முடித்தவள் நான்.

கேம் விமர்சனத் தளங்களில் ஐஜிஎன்னின் அமெரிக்கப் பிரிவு 10-க்கு 2 கொடுத்ததையும், டிஸ்ட்ரக்டாய்டு 10-க்கு 10 கொடுத்ததையும் காட்டி, இரண்டாவது விமர்சகருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். விமர்சகர்களை இவ்வளவு பிளவுபடுத்திய திகில் கேம் வேறில்லை என்று கின்னஸ் சாதனைப் புத்தகமே பதிந்திருக்கிறது. 2013-இல் வந்த கணினிப் பதிப்பின் திரைத் தெளிவு 720p அளவுக்கு மேல் போக மறுத்தபோது, ரசிகர் ஒருவர் சளைக்காமல் அதைச் சரிசெய்து இலவசமாகவே கொடுத்தார். அந்த 10-ஐக் கொடுத்தவருக்கும் இந்த ரசிகருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, தம்பி. மழையில் கார் ஓட்டிய அந்த நாட்களில் உனக்கு என்ன ஆனதோ அதுதான் அவர்களுக்கும் ஆகியிருக்கும்.

ஆகவே என் முடிவில் மாற்றமில்லை. அந்த கேமை நோக்கிச் சிரிப்பதற்காக உன் அருகில் உட்கார என்னால் முடியாது. நாம் ஆடியபோது நீ எடுத்த பதிவுகள் பழைய வட்டில் இருக்கின்றன என்று சொன்னாய். அவற்றில் என் குரல் வரும் இடங்களையும், வீட்டின் உட்புறம் தெரியும் இடங்களையும் வெளியிடாதே. இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். மீதியை என்ன செய்வது என்பது உன் விருப்பம். கேமரா இல்லாமல் வருவதானால் எப்போது வேண்டுமானாலும் வா, என் கன்சோல் இன்னும் ஓடுகிறது. நாம் பாதியில் சேமித்து வைத்த பழைய ஆட்டத்தை அழிக்க மனம் வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும், நீ புதிதாகவே தொடங்கலாம்.

மற்றவை நேரில்.

அன்புடன்,
அக்கா